ஆட்குறைப்பும் ஓய்வூதியப் பாத்தியதையும்: பிரிட்டன்

தம்மிடம் யாதொரு குற்றமும் இல்லாதிருக்க, ஸ்தாபனம் மூடப்பட்டதாலோ குறிப்பிட்ட வேலைக்கு ஆள் வேண்டாமற் போனதாலோ உத்தியோகத்தை இழக்கும் ஊழியருக்குப் பிரிட்டிஷ் சட்டம் ஆட்குறைப்பு இழப்பீடு அளிக்கிறது. இரண்டாண்டுத் தொடர் சேவை அதற்கு நிபந்தனை. அதுவரை சேர்ந்துள்ள ஓய்வூதியம் இதனின்று வேறானது. சந்தாவை முதலீடு செய்யும் திட்டமாயின், சந்தா நின்றுபோகுமேயன்றிக் கணக்கிலுள்ள பணம் ஊழியருடையதாகவே இருக்கும். சம்பளத்தையும் சேவைக் காலத்தையும் கொண்டு கணிக்கும் பழைய வகைத் திட்டமாயின், விலகும் நாளன்று கணக்கு முடிக்கப்பெற்று, உரிய வயது வரும்வரை அது ஒத்திவைத்த ஓய்வூதியமாக நிற்கும்.

சிக்கல் பெரும்பாலும் வயதில் வந்து நிற்கிறது. இங்கிலாந்தின் உள்ளாட்சி ஊழியர் திட்டத்தில் இரண்டாண்டு உறுப்பினராயிருந்து 55 வயது நிரம்பியவர் ஆட்குறைப்புக்கு ஆளானால் உடனே முழு ஓய்வூதியமும் பெறுவார். அடுத்த மேஜையில் இருந்த 54 வயதுக்காரரோ, அதே நாளில் அதே உத்தரவு கிடைத்தும், குறைவற்ற தொகைக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

வயதோடு ஆண், பெண் என்ற பேதமும் சேர்ந்த வழக்கொன்று பிரசித்தமானது. கார்டியன் ராயல் எக்ஸ்சேஞ்ச் இன்ஷூரன்ஸ் ஸ்தாபனத்தின் திட்டத்தில், ஆட்குறைப்பின்போது உடனடி ஓய்வூதியம் பெற ஆண்களுக்கு 55 வயதும் பெண்களுக்கு 50 வயதும் விதிக்கப்பட்டிருந்தன. 1980 முடிவில் வேலையிழந்த டக்ளஸ் பார்பருக்கு வயது 52. பெண்ணாயிருந்தால் அன்றே கிடைத்திருக்கும் ஓய்வூதியம் அவருக்கு ஒத்திவைக்கப்பட்டது. திட்டத்தின் செலவு முழுவதையும் முதலாளியே ஏற்றிருந்தார். ஊழியர் சந்தா செலுத்தவில்லை. பென்ஷனை 'உபகாரச் சம்பளம்' என்று வழங்கிய நம் முன்னோர், இதைக் கேட்டால் கொடுப்பவர் இஷ்டம் என்றே கருதியிருப்பர். ஆனால் 1990 மே 17-ல் ஐரோப்பிய நியாயஸ்தலம், அத்தகைய ஓய்வூதியமும் ஊதியமே என்றும், ஆகவே ரோம் ஒப்பந்தத்தின் 119-ஆம் விதி கூறும் சம ஊதியக் கொள்கை அதற்கும் பொருந்தும் என்றும் தீர்ப்பளித்தது. உபகாரம் என்ற சொல் உதிர்ந்து சம்பளம் மட்டும் மிஞ்சியது எனலாம். வழக்கு நடக்கையிலேயே பார்பர் காலமாகிவிட்டமையால், அவர் மனைவியே அதைத் தொடர்ந்து நடத்தியிருந்தார்.

முன்னரே வழக்குத் தொடுத்தோர் நீங்கலாக, பிறர் தீர்ப்பு நாளுக்கு முற்பட்ட காலத்துக்கு உரிமை கோர இயலாது என்றும் நியாயஸ்தலம் வரையறுத்தது. அதன்பின் பல திட்டங்கள் ஓய்வு வயதைச் சமப்படுத்தின: ஆண்களுக்குரியதைக் குறைத்தன்று, பெண்களுக்குரியதை உயர்த்தி.