சூளை இங்கே, கஜானா அங்கே

'அதிகாரப் பரவல்' என்ற சொல்லை இடதுசாரி, காந்தியவாதி, உலக வங்கி நிபுணர் எல்லோரும் ஒரே வாஞ்சையோடு உச்சரிக்கிறபோதே எனக்குச் சந்தேகம் தட்டும். எல்லாருக்கும் பிடிச்ச சொல்லுக்குள் யாரோ ஒருத்தருடைய கணக்கு ஒளிஞ்சிருக்கும். நிதி விஷயத்தில் அந்தக் கணக்குக்குத் தேதியே உண்டு: 1870 டிசம்பரில் மேயோ பிரபுவின் தீர்மானம். பற்றாக்குறையில் தவித்த காலனிய அரசு சிறை, போலீஸ், கல்வி, மருத்துவம், சாலைச் செலவுகளை மாகாணங்களின் தலையில் இறக்கியது. கூடவே தந்த மானியமோ அதுவரை ஆன செலவைவிடக் குறைவு. விழுந்த துண்டை மாகாணங்கள் இன்னும் கீழே தள்ளின. மறு வருஷமே, 1871இல், சென்னை மாகாணத்தில் வந்த தல நிதிச் சட்டம் நிலத்தின் மேல் ரூபாய்க்கு ஓரணா வரை கூடுதல் தீர்வை போட வழிசெய்தது. 1882இல்தான் ரிப்பன் பிரபு இதற்கு 'அரசியல் கல்வி' என்ற விளக்கத்தைக் கொடுத்தார். சுமை முந்தியது, தத்துவம் பிந்தியது. தலசுயாட்சியின் தந்தை என்று ரிப்பனிலிருந்து கதையைத் தொடங்குகிறவர்கள் இந்தப் பன்னிரண்டு வருஷத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

இதை விருத்தாசலத்தில் வைத்துப் பார்க்கணும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேலடுக்கில் வெள்ளைக் களிமண் கிடைத்தது. அதையொட்டி விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் பயிற்சி நிலையமும் வளர்ந்தன. சொந்தச் சூளை கட்ட வசதியில்லாதவர்கள் பொதுச் சூளையில் வாடகைக்குச் சுட்டுக்கொள்ளும் சின்னச் சின்னப் பட்டறைகள்: பொம்மை, அகல் விளக்கு, ஊறுகாய் ஜாடி, பியூஸ் கட்டை. பியூஸ் கட்டை விற்ற காசு எங்கே போகுதுன்னு பின்னாலேயே போய்ப் பார்க்கலாம். விற்பனை வரி, 1939இல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த ஏற்பாடு, மாநிலக் கருவூலத்துக்குப் போனது. 2017 ஜூலையில் அது சரக்கு சேவை வரியானபின் டெல்லியும் சென்னையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நெய்வேலிச் சுரங்கத்தின் ராயல்டியும் மாநில அரசுக்கே. நகராட்சிக்கு மிஞ்சுவது சொத்து வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம். பட்டறையின் சொத்து வரி கட்டடத்தை அளந்து போடப்படுகிறது. உள்ளே எத்தனை கட்டை வெந்தது என்பது அந்தக் கணக்கில் வராது. ஆனால் தொழிலாளிக்குக் குடிதண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, குப்பை எல்லாம் நகராட்சி பொறுப்பு. தன் ஊர்ச் சூளை எரிகிறதா அணைந்துவிட்டதா என்று கவலைப்பட வரவுசெலவில் காரணமே இல்லாத ஒரு நிர்வாகத்தை இந்த வரிப்பங்கீடு உண்டாக்கியிருக்கிறது என்பேன்.

1992இன் 73, 74ஆம் திருத்தங்கள் மாநில நிதி ஆணையத்தைக் கட்டாயமாக்கின. தமிழ்நாட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 8 சதவீதம், பின்னாளில் 10 சதவீதம் என்று உள்ளாட்சிகளுக்குப் பங்கு வந்தது. இது சாதாரண மாற்றமில்லை. ஆனாலும் அது மேலிருந்து சொட்டுகிற காசு.

கீழேயே முளைக்கும் காசும் கிராமத்தில் கொஞ்சம் உண்டு: கண்மாய் மீன் ஏலம், மரத்து மகசூல் ஏலம். அங்கே சாதி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது. மதுரை மாவட்டம் மேலவளவு பஞ்சாயத்து தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டு, தலைவரான முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வெறும் 'வெறி' என்று அதைச் சொல்லி முடிப்பவர்கள் அந்தக் கல்லாப்பெட்டியின் சாவியைக் கவனிப்பதில்லை. 

நகராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். இடையில் தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லையென்று மத்திய நிதி ஆணைய மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. தேர்தலை நடத்தாதது மாநிலம், தண்டனை நகராட்சிக்கு. கவுன்சிலர்கள் பதவியேற்று ஒரு மாசம் ஆனதோ இல்லையோ, 2022 ஏப்ரலில் குடியிருப்புகளுக்கு 25 முதல் 150 சதவீதம் வரை சொத்து வரி உயர்வு அறிவிப்பு. மானியம் வேணும்னா வரியை ஏத்தணும் என்பது பதினைந்தாவது நிதி ஆணையத்தின் நிபந்தனை என்றது மாநில அரசு. நிபந்தனை டெல்லியில், அரசாணை சென்னையில். மன்றத்தில் கைதூக்கித் தீர்மானம் போடவேண்டியவர் வார்டு கவுன்சிலர். தெருவில் திட்டு வாங்கியதும் அவரேதான்.