ஓட்டுநர் முதலாளியான காலம்

கூலிக்கு ஓட்டியவர் சொந்த வண்டிக்காரராவது கொங்கு நாட்டின் பழைய வழக்கம். 1888இல் கோவையில் ஸ்டேன்ஸ் ஆலை எழுந்த காலத்தில் சுற்றுவட்டாரப் பருத்தி மாட்டுவண்டியில்தான் வந்தது. வண்டியும் காளையும் குடியானவருடையவை. லாரி வந்த பிறகு சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் கிளீனராக ஏறியவர்கள் ஓட்டுநராகி, கூட்டுச் சேர்ந்து ஒரு லாரி வாங்கி முதலாளியானார்கள். திருப்பூர் பனியன் தொழிலில் உழைப்பாளிகள் பட்டறை உரிமையாளர்களான கதையை ஆய்வாளர் ஷரத் சாரி 2004இல் நூலாக எழுதினார். சக்கரத்தின் மேலும் நடந்தது அதே கதைதான். புது வண்டி விற்பனை மந்தமானதை நான் கவலையோடு பார்ப்பதற்கும் காரணம் இதுவே: ஓட்டுநர் முதலாளியாகும் அந்த ஏணியின் முதல் படி உயர்ந்துவிட்டது.

அந்தப் படியை மிகத் தாழ்வாக வைத்தது 2005இல் வந்த டாடா ஏஸ். ஏறத்தாழ 700 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத் திறன், விலை சுமார் இரண்டேகால் லட்சம். நம் ஊர் அதைக் குட்டியானை என்றது. திருப்பூரில் ஒரு துணி, நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து காம்பாக்டிங்குக்கும், பிறகு தையலுக்கும் தெருத்தெருவாக அலைகிறது. ஒவ்வொன்றும் வேறு முதலாளியின் கூடம். அந்த நடைக்கு லாரி பெரிது, மூன்று சக்கர டெம்போ சிறிது. கோவையின் பம்புசெட், கிரைண்டர் பட்டறைகளுக்கும் இதே தேவை. 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்து போட்டியிட்டது. பட்டறைகள் சிதறிக் கிடந்த ஊர்களை இணைத்த சாலைச் சரக்குத் தொழில், முன்பணமும் மாதத் தவணையும் கட்டத் துணிந்த ஓட்டுநர்களின் கைக்கு வந்தது.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்ததும் சிறு டீசல் வண்டிகளிலும் மின்னணு ஊசிகளும் புகையை வடிகட்டும் அமைப்பும் நுழைந்தன. டீசல் குட்டியானையின் விலை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. நாடு முழுவதும் 2018-19இல் பத்து லட்சத்தைக் கடந்த வணிக வாகன விற்பனை, 2024-25இலும் அந்த உயரத்தை எட்டவில்லை. புகை குறைய வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் குறைய வேண்டும். நெரிசல் தெருவில் அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் ஓட்டுநரே. ஆனால் ஊருக்கெல்லாம் சேரும் அந்த நன்மையின் செலவு, முதல் வண்டி வாங்குபவர் தோளில் விழுவது நியாயமாகப் படவில்லை. விலை ஏறினால் வாடகையும் ஏறுமே என்பது அதைவிடக் கனமான மறுப்பு. ஏறத்தான் செய்கிறது, ஆனால் ஸ்டாண்டில் வாடகையைத் தீர்மானிப்பது புது வண்டியல்ல. கடன் முடிந்த பழைய வண்டிக்காரர் குறைந்த வாடகைக்கும் லோடு ஏற்றுவார். அதே வாடகையில் புது வண்டிக்காரருக்குத் தவணை கட்டக் கட்டுப்படியாகாது. அதனால் புதியவர் பழைய வண்டியைத் தேடுகிறார். புது வண்டியோ பல வண்டி வைத்திருக்கும் நிறுவனத்துக்கே எளிதாகிறது. ஓட்டுநர் சம்பளக்காரராகவே நிற்கிறார்.

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகன ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது நல்ல முடிவு. வரியோடு ஐந்து லட்சமான வண்டிக்கு ஏறத்தாழ 39,000 ரூபாய் குறையும். ஆனால் சம்பளச் சீட்டோ நிலப் பத்திரமோ இல்லாத ஓட்டுநர் பெரும்பாலும் தனியார் பைனான்ஸில்தான் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. அங்கே வட்டி ஓரிரு புள்ளி கூடினாலே, சில ஆண்டுத் தவணையில் அந்தச் சலுகையின் கணிசமான பகுதி கரைந்துவிடும். வரியைக் குறைத்த அந்த முடிவு, முதல் வண்டிக்கான வட்டியையும் பிணையையும் தொடவில்லை.