வீட்டு மூலையில் ஒரு தொழிற்சாலை

வீட்டில் தையலுக்கென ஓர் இடம் வேண்டுமென்ற ஆசை பெண்கள் பலருக்கு உண்டு. வெளிச்சம் விழும் யன்னலோரம், பொறியை வைக்க ஒரு மேசை, துணியை விரித்து வெட்ட ஒரு பலகை, நூற்கட்டைகளுக்கும் பொத்தான்களுக்கும் ஒரு பெட்டி. அவர்கள் கேட்பது இவ்வளவே. இதனை ஓய்வு நேரப் பொழுதுபோக்கென்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அந்த மூலைக்கும் ஒரு வரலாறு உண்டு. அது உழைப்பின் வரலாறு.

பொறி வருவதற்கு முன்னரே வீடு பட்டறையாகிவிட்டது. 1843ஆம் ஆண்டில் ஆங்கிலக் கவிஞர் தோமஸ் ஹூட் 'சட்டையின் பாட்டு' என்னும் கவிதையை இலண்டன் 'பஞ்ச்' இதழில் வெளியிட்டார். தைக்கக் கொடுத்த உடைகளை அடகு வைத்துக் குழந்தைகளின் பசி தீர்த்த கைம்பெண்ணொருத்தி நீதிமன்றிலே நிறுத்தப்பட்ட செய்தியே அதற்குத் தூண்டுகோல். அவளைப் போன்றோருக்கு வாடகை அறையே பட்டறை. நூலும் மெழுகுதிரியும் அவர்களின் சொந்தச் செலவு. முதலாளிக்கோ கட்டடமும் வேண்டியதில்லை, விளக்கும் வேண்டியதில்லை.

பொறி இந்தத் துன்பத்தைத் தீர்த்திருக்க வேண்டும். பிரெஞ்சுத் தையற்காரர் பார்த்தலமி திமோனியே 1830இல் தமது தையற்பொறிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பாரிஸ் நகரில் ஏறத்தாழ 80 பொறிகள் இராணுவச் சீருடை தைத்தன. 1831இல் கைத்தையற்காரர் திரண்டு வந்து அவற்றை உடைத்து நொறுக்கினர். அவர்களை அறிவிலிகள் என்று சொல்லிவிடுவது எளிது. தமது சோற்றில் மண் விழப்போகிறதென்பதை அவர்கள் சரியாகவே உணர்ந்திருந்தனர். அடிக்க வேண்டியது எதை என்பதிலேதான் தவறினர்.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846இலும் ஐசாக் சிங்கர் 1851இலும் உரிமைப் பத்திரம் பெற்றனர். ஆடவர் சட்டையொன்றைக் கையால் தைக்கப் பதினான்கு மணி நேரத்துக்கு மேலாகும், பொறியோ ஒன்றேகால் மணி நேரத்தில் முடிக்கும் என்று 1860களில் பொறி உற்பத்தியாளர் கணக்குக் காட்டினர். எனினும் ஏழைக் குடும்பத்துக்கு அதன் விலை எட்டாக்கனி. சிங்கரின் பங்காளி எட்வேர்ட் கிளார்க் 1856இல் தவணை முறையைப் புகுத்தினார். சிறுதொகை கொடுத்துப் பொறியைக் கொண்டு போகலாம்; மிகுதியை மாதாமாதம் கட்டலாம். கறுப்பு உடலில் பொன்வண்ணக் கொடிகள் தீட்டப்பெற்று, மரப் பேழையில் அமர்ந்து, வரவேற்பறைக்கும் ஏற்ற தளபாடமாகப் பொறி வீட்டினுள் நுழைந்தது. 1877இல் சிங்கர் கம்பெனி கொழும்பிலும் கால் பதித்தது.

பொறியோடு சேர்ந்து கடனும் வீட்டினுள் வந்தது. தொழிற்கருவியின் விலையைத் தொழிலாளியே கட்டினாள். தவணைக்காக இரவும் தைத்தாள். வேகம் கூடியபோது துண்டுக்கூலி குறைந்தது. மிச்சமான பதின்மூன்று மணி நேரம் அவளுக்கு ஓய்வாகக் கிடைக்கவில்லை. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்திலே கார்ல் மார்க்ஸ் தையற்பொறியைத் தனியே எடுத்து ஆராய்ந்தமைக்குக் காரணம் இதுவே. தொழிற்சாலைச் சட்டம் எட்டாத வீட்டுத் தொழிலிற்றான் சுரண்டல் வரம்பற்றுப் போகிறது என்று அவர் காட்டினார்.

சட்டம் வீட்டு வாசலில் ஏன் நின்றுவிட்டது? நியூயோர்க்கின் வழக்கொன்று இதற்கு விடை தருகிறது. நெரிசலான குடியிருப்புகளில் சுருட்டுச் சுற்றுவதைத் தடைசெய்த சட்டத்தை அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1885இல் செல்லாதாக்கியது. தொழிலாளியை அவனது புனிதமான இல்லத்திலிருந்து பிரித்தல் ஆகாதென்பது அது கூறிய நியாயங்களுள் ஒன்று. உண்பதும் உறங்குவதும் உழைப்பதும் ஒரே அறையில்! அந்த அறையின் புனிதத்தால் இலாபமடைந்தவர் யார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் போராட்டம் வேறு வழியிற் சென்றது. 1906இல் இலண்டனில் நடந்த கண்காட்சியொன்றில் வீட்டுத் தொழிலாளரே மக்கள் முன் அமர்ந்து வேலை செய்து காட்டினர். பெற்ற கூலியும் அறிவிக்கப்பட்டது. மறைந்திருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. 1909ஆம் ஆண்டுச் சட்டம் ஆயத்த ஆடைத் தையல் உட்பட நான்கு தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலி விதிக்கும் சபைகளை அமைத்தது. வீட்டிலிருந்து தைத்தவளும் அதனுள் அடங்கினாள்.

இயந்திரங்களை ஐயத்துடன் நோக்கிய காந்தியடிகளும் 1924இல் சிங்கர் பொறிக்கு விலக்கு அளித்தார். மனைவியின் கைநோகும் உழைப்பைக் கண்டு இரங்கியே சிங்கர் அதனைச் செய்தார் என்று அவர் நம்பினார். சிங்கரின் வாழ்க்கை வரலாறு அத்தகைய கனிவுக்கு இடம் தரவில்லை. ஆனால் அதே உரையாடலில் காந்தியடிகள் சொன்ன இன்னொன்று கருதத்தக்கது: அப்பொறிகளைச் செய்யும் ஆலைகள் அரசின் உடைமையாக இருக்கவேண்டும் என்றார். பொறியின் நன்மை தீமையை உடைமையுறவே தீர்மானிக்கிறது என்பதை அவரும் ஒருவகையில் ஒப்புக்கொண்டார்.

கதை பழங்கதையாகிவிடவில்லை. 1972இல் அகமதாபாத்தில் எலா பட் தொடங்கிய சுயதொழிற் பெண்கள் சங்கத்தில், வீட்டிலிருந்து தைக்கும் பெண்களும் தொழிலாளர் என்ற பெயரோடு அணிதிரண்டனர். வீட்டு வேலைப்பாட்டாளருக்கும் ஏனைய கூலியுழைப்பாளருக்கும் சம நடத்தை வேண்டுமென்ற உடன்படிக்கையைச் சர்வதேச தொழிலாளர் தாபனம் ஏற்றுக்கொண்டது 1996இற்றான். அதனை அங்கீகரித்த நாடுகள் இன்னும் சிலவே.

ஆகவே வீட்டில் தையலுக்கு ஓர் இடம் அமைப்போம். நல்ல வெளிச்சமும் காற்றும், முதுகு நோகாத இருக்கையும் அங்கே அமையட்டும். அவ்வளவோடு நின்றுவிடலாகாது. அங்கே செலவாகும் மணித்தியாலங்களையும் கணக்கில் எழுதுவோம். அவள் தனக்காகத் தைக்கும்போது அது கலை; பிறருக்காகத் தைக்கும்போது அது தொழில். தொழிலாயின் கூலியும் ஓய்வும் சங்கமும் அதற்கு உரியவை. இப்பாடத்தை வகுப்பறையிற் கற்பிக்கும் நாம், மாலையில் வீடு திரும்பியதும் யன்னலோரத்துப் பொறியின் ஓசையைச் சற்று நின்று கேட்கவேண்டும். நமது பள்ளிக் கட்டணத்தை அந்த ஓசை கட்டிய நாட்களும் உண்டு.