விளையாட்டுச் சாமானும் வீட்டு ஒலிப்பதிவும்

வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்ற ஆவலுடன் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர், பிராஸஸர் எத்தனை வேகம், நினைவகம் எத்தனை, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று விசாரிப்பதிலேயே தம் சிரத்தை முழுவதையும் செலவிட்டுவிட்டு, ஒலியானது அந்த யந்திரத்துக்குள் எந்த வாயில் வழியாகப் பிரவேசிக்கிறது என்ற கேள்வியைக் கடைசி நிமிஷத்துக்கு ஒத்திவைத்துவிடுகிறார். இந்தத் துறையின் நாற்பது வருஷத்துச் சரித்திரமோ வேறு விதமாகச் சாட்சி சொல்கிறது. யந்திரத்தின் வேகம் யாரும் கேளாமலே வருஷத்துக்கு வருஷம் விருத்தியடைந்து வந்திருக்க, சங்கீதக்காரர்கள் பட்ட சங்கடங்களில் பெரும்பாலானவை அந்த வாயிலைச் சார்ந்தவையாகவே இருந்தன. அந்த வாயிலை அவர்களுக்குத் திறந்துவிட்டவர்களோ, பெரும்பாலும் விளையாட்டுப் பிரியர்களை நம்பிக் கடை விரித்த வியாபாரிகள்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே வீட்டில் பதிவு செய்யும் பழக்கம் வேரூன்றிவிட்டது. ஜப்பானிய டீயக் நிறுவனம் 1979இல் வெளியிட்ட போர்ட்டாஸ்டூடியோ என்ற சாதனம், சாதாரணக் காஸெட் நாடாவில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதிந்து பின்பு ஒன்றாகக் கலக்கும் வசதியைச் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் கொடுத்தது. அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில், நியூ ஜெர்ஸியில் இருந்த வீட்டில், அதைக் கொண்டு தம் புதுப் பாட்டுகளை மாதிரிக்காகப் பதிந்து வைத்தார். பிறகு வாத்தியக் கோஷ்டியுடன் முறையான ஸ்டூடியோவில் பாடிப் பார்த்தும் அந்த மாதிரியின் ஜீவன் கைகூடாமற் போகவே, காஸெட்டையே மூலமாக வைத்து 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தட்டை அவ்வருஷமே வெளியிட்டார்கள். வீட்டுப் பதிவு விற்பனைக்கு லாயக்கற்றது என்ற அபிப்பிராயம் அத்துடன் ஆட்டம் கண்டது.

அமெரிக்காவில் ஸீக்வென்ஷியல் ஸர்க்யூட்ஸ் நிறுவனத்தை நடத்திவந்த டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை ஸ்தாபித்த இகுதாரோ ககெஹாஷியும், வியாபாரத்தில் போட்டியாளர்களாக இருந்தும் ஒரு பொது ஏற்பாட்டுக்கு இசைந்து, வெவ்வேறு கம்பெனிகளின் மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதற்கான 'மிடி' என்ற முறையை 1983இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மிடியின் கம்பியில் நாதம் செல்வதில்லை. எந்த ஸ்வரம், எவ்வளவு அழுத்தமாக, எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்ற குறிப்பு மாத்திரமே செல்கிறது. கச்சேரிக்கும் ஸ்வரப்படுத்திய புஸ்தகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். இசைத்தகட்டின் தரத்தில் ஸ்டீரியோவாக ஒரு நிமிஷம் பதிய ஏறக்குறைய 10 மெகாபைட் இடம் வேண்டும். 20 மெகாபைட் ஹார்ட் டிஸ்கே பெரும் பாக்கியமாகக் கருதப்பட்ட அக்காலத்தில், இரண்டு நிமிஷப் பாட்டுக்குள் யந்திரம் நிரம்பிவிடும். குறிப்புகளோ ஒரு சிறு ஃப்ளாப்பித் தகட்டில் பாட்டுப் பாட்டாக அடங்கின.

இந்தச் சமயத்தில், விளையாட்டு யந்திரங்களால் பெயர் பெற்ற அட்டாரி நிறுவனம் 1985இல் எஸ்.டி. என்ற வீட்டுக் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, மிடிக்குரிய துவாரங்களை அதன் உடலிலேயே அமைத்துவிட்டது. தனியாக எதையும் வாங்கிச் செருகவேண்டிய அவசியம் இல்லாமற் போனதால், ஐரோப்பிய இசைக்காரர்களின் அறைகளில் அது நிரந்தர வாசம் கொண்டது. ஹாம்பர்க் நகரத்து ஸ்டெயின்பெர்க் நிறுவனத்தின் 'கியூபேஸ்' மென்பொருள் 1989இல் முதலில் பிறந்ததும் அந்த யந்திரத்துக்காகவே. ஃபேட்பாய் ஸ்லிம் என்ற பெயரில் புகழடைந்த ஆங்கிலேய இசைக்காரர், பன்மடங்கு சக்தி வாய்ந்த கம்ப்யூட்டர்கள் கடைகளில் குவிந்து கிடந்த 1998இலும், பழைய அட்டாரியை வைத்தே பிரைட்டன் நகரத்து வீட்டில் தம் பிரசித்தமான இசைத்தட்டைத் தயாரித்தார் என்றால், வேகத்தைப் பற்றிய நம்முடைய கவலை எவ்வளவு அதிகப்படியானது என்பது புலனாகும்.

ஐ.பி.எம். கம்ப்யூட்டரின் கதை வேறு. ஆபீஸ் கணக்குக்காகப் பிறந்த அந்த யந்திரத்துக்குக் கீச்சென்று ஒலிக்கும் ஒரு சிறு ஸ்பீக்கரைத் தவிர நாதமென்பதே கிடையாது. கனடாவின் க்யுபெக் நகரத்தில் சங்கீதப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் ப்ரெவெல் இந்தக் குறையைத் தீர்க்க எண்ணி, யமஹா தயாரித்த சில்லு ஒன்றைப் பொருத்தி, 1987இல் 'ஆட்லிப்' என்ற கார்டைக் கொண்டுவந்தார். அது வாத்திய ஒலிகளை உற்பத்தி செய்தது. ஆனால் வெளியிலிருந்து ஒரு குரலைக் கேட்டுப் பதிய அதற்குத் தெரியாது.

அந்தக் குறையைத் தீர்த்த கார்டு சிங்கப்பூரிலிருந்து வந்தது. ஹார்மோனிகா வாசிப்பதில் பிரியம் கொண்ட ஸிம் வோங் ஹூ என்ற இளைஞர், 1981இல் சைனாடவுனில் உள்ள பேர்ல்ஸ் ஸென்டரில், நண்பரோடு சேர்ந்து ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடையைத் திறந்து, அதற்குக் கிரியேட்டிவ் டெக்னாலஜி என்று பெயரிட்டார். சீன மொழியும் பேச்சொலியும் கையாளும் கம்ப்யூட்டர் ஒன்றை அவர் 1986இல் தயாரித்து விற்க முயன்று தோல்வி கண்டார். தோற்றுப்போன அந்த முயற்சியிலிருந்து ஒலி சம்பந்தமான அம்சத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தனிக் கார்டாக்கி, அமெரிக்கச் சந்தைக்கே நேரில் போய், இரண்டொரு சோதனைக்குப் பிறகு 1989இல் 'சவுண்ட் பிளாஸ்டரை' வெளியிட்டார். அதில் ஆட்லிப்பின் அதே யமஹா சில்லு இருந்ததால் ஆட்லிப்புக்கென்று எழுதிய விளையாட்டுகள் யாவும் அதிலும் ஒலித்தன; விளையாட்டுப் பிடியைச் செருகும் துவாரமும் அதிலேயே இருந்ததால் அதற்கென்று இன்னொரு கார்டு வாங்கும் செலவு மிச்சமாயிற்று; அந்தத் துவாரமே ஓர் இணைப்புக் கம்பியின் உதவியால் மிடி வாயிலாகவும் மாறியது; எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மைக் செருகும் துளையும் இருந்தது. வாங்கியவர்கள் விளையாட்டுக்காக வாங்கினார்கள். வீட்டிலே கிட்டார் வைத்திருந்த பிள்ளை அந்த மைக் துளையைக் கண்டுபிடித்துக்கொண்டான். எட்டு பிட் அளவில் அமைந்த அந்தப் பதிவு தொலைபேசிக் குரலைவிட அதிகம் மேலானதன்று. 1992இல் வந்த 'சவுண்ட் பிளாஸ்டர் 16' இசைத்தகட்டின் அளவுகளான 16 பிட்டையும் 44.1 கிலோஹெர்ட்ஸையும் எட்டிப் பிடித்தது. அதே வருஷம் கிரியேட்டிவ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பெற்றது. ஆட்லிப் நிறுவனம் திவாலாயிற்று.

ஆனால் காகிதத்தில் எழுதிய அளவு வேறு, காதில் விழுகிற நாதம் வேறு. கம்ப்யூட்டரின் பெட்டிக்குள்ளேயே மின்விசிறியும் டிஸ்கும் மின்வழங்கியும் உண்டாக்கும் மின்னிரைச்சல் கார்டின் மேல் படிந்து, மெல்லிய குரலின் அடியில் ஓயாத சீறலாகக் கேட்டது. தொடக்கத்துக் கார்டுகள் ஒரே சமயத்தில் ஒலிக்கவும் பதியவும் திறனற்றவை. முன்பு பதிந்த கிட்டாரைக் கேட்டுக்கொண்டே அதன்மேல் குரலைப் பதிய வேண்டுமென்றால், நாலு தடக் காஸெட் யந்திரம் சுலபமாகச் செய்த காரியத்தை இந்த நூதனக் கருவி செய்ய மறுத்தது. அது தீர்ந்த பிறகும் தாமதம் என்ற வியாதி எஞ்சியிருந்தது: விண்டோஸின் பல அடுக்குகளைக் கடந்து தன் குரல் தன் காதுக்குத் திரும்ப விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் பிடித்தால், எப்பேர்ப்பட்ட லய ஞானமுடையவனும் தாளத்தைத் தவறவிடுவான். அந்த அடுக்குகளை ஒதுக்கிவிட்டு மென்பொருளும் கார்டும் நேராகத் தொடர்புகொள்ளும் 'ஆசியோ' என்ற வழியை ஸ்டெயின்பெர்க் 1997இல் வகுத்ததுதான், என் அபிப்பிராயத்தில், கம்ப்யூட்டரை மெய்யாகவே பதிவு யந்திரமாக்கிய நிகழ்ச்சி. ஆசியோவைப் பேசத் தெரிந்த கார்டு, தெரியாத கார்டு என்று அன்றே இரண்டு ஜாதிகள் பிரிந்துவிட்டன. விளையாட்டுக்கென்றே செய்த 'சவுண்ட் பிளாஸ்டர் லைவ்' கார்டு எந்த ஒலியையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டுத்தான் வெளியே விடும். 2000ஆம் வருஷத்தை ஒட்டி வந்த 'ஆடியோஃபைல் 2496' போன்றவையோ விளையாட்டைப் பற்றிக் கவலைப்படாமல், 24 பிட்டில், கொடுத்த ஒலியைக் கொடுத்தபடியே பதிந்தன.

மற்றவை சீக்கிரம் நடந்தன. தாய்ப்பலகையிலேயே ஒலிச் சில்லைப் பதிக்கும் ஏற்பாட்டை இன்டெல் 1997இல் வகுத்ததால், சாதாரண ஜனங்களுக்குத் தனிக் கார்டு தேவையற்றதாகிவிட்டது. பதிவுக்காரர்களின் கார்டோ பெட்டியின் இரைச்சலை விட்டு வெளியேறி, யு.எஸ்.பி. கம்பியின் நுனியில் மேஜைமேல் வந்து உட்கார்ந்து, ஆடியோ இன்டர்ஃபேஸ் ஆயிற்று. பில்லி ஐலிஷ் என்ற இளம்பெண்ணும் அவள் தமையனும் லாஸ் ஏஞ்சலஸில் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் பதிந்த தொகுப்பு, 2020இல் அவ்வருஷத்தின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. ஸிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார்.

ஆகையால் இப்போது வாங்கப் போகிறவருக்கு ஒரு வார்த்தை. முதலில் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை மைக்குகள் தேவை, கண்டென்ஸர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் அதிலிருந்து கிடைக்கிறதா, தாமதமின்றித் தம் குரலைத் தாமே கேட்க நேரடி ஹெட்ஃபோன் வசதி உண்டா, அதன் டிரைவர் உங்களுடைய விண்டோஸுக்கோ மேக்குக்கோ இன்னும் புதுப்பிக்கப்படுகிறதா என்று கேளுங்கள். கம்ப்யூட்டர், நாலைந்து வருஷத்துக்கு முந்தியதானாலும், மின்விசிறிச் சத்தம் குறைந்ததாக ஒன்று அகப்பட்டால் போதும். மிச்சமாகிற பணத்தில் நல்ல மைக் ஒன்றும், அறையின் எதிரொலியை அடக்கக் கனமான திரைகளும் வாங்கிக்கொள்ளுங்கள்.