புண்ணுக்கு மருந்து, பேய்க்குப் புகை

1980களில் வைகைக்கரையை ஒட்டிய நம் சிற்றூரில், தெருக்கோடி வீட்டில் ஓர் அப்பத்தா இருந்தார். இரட்டைப் பிள்ளை பெற்றவர். அத்தகையோர் கை பட்டால் சுளுக்கு விடும் என்பது ஊரார் நம்பிக்கை. வருவோரைத் திண்ணையில் அமர்த்தி, விளக்கெண்ணெய் தொட்டு, பெருவிரலால் நரம்பின் போக்கைத் தேடி வழித்துவிடுவார். வழிக்கும்போது அவர் உதடுகள் எதையோ முணுமுணுத்தவண்ணம் இருக்கும். முடிவில் ஒரு சிட்டிகைத் திருநீறு. வலியைப் போக்கியது எண்ணெயா, விரலா, முணுமுணுப்பா என்று அன்று நாம் கேட்டதில்லை. சங்க இலக்கியத்தைக் கற்பிக்கும் பணிக்கு வந்த பின்னரே இக்கேள்வி நம்மைத் தொடரலாயிற்று.

உடலைத் தொட்டுச் செய்யும் மருத்துவமும், பேயையும் தெய்வத்தையும் ஏவியும் விலக்கியும் செய்யும் சடங்கும் நம் மண்ணில் எவ்வாறு கைகோத்து நடந்தன? எவ்விடத்தில் பிரிந்தன? கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு சுருக்கமாகக் காண்போம்.

புண்பட்டவன் வீடு

புறநானூற்றின் 281ஆம் பாடல் அரிசில்கிழார் பாடியது. போரில் புண்பட்ட வீரன் ஒருவன் வீட்டில் கிடக்கிறான். அவன் மனைவி தோழியை அழைத்து, புண்ணைக் காப்போம் வா என்கிறாள். என்னென்ன செய்கின்றனர் என்று பாருங்கள். இரவ மரத்தின் தழையையும் வேப்பிலையையும் மனையில் செருகுகின்றனர். யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன. கையை மெல்லப் பெயர்த்து, மைபோன்ற இழுதைப் பூசுகின்றனர். ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகைச் சிதறுகின்றனர். ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப்பண் பாடி, நறும்புகை எழுப்புகின்றனர்.

இவற்றுள் எது மருத்துவம், எது மந்திரச் சடங்கு? இழுது பூசுவது உடலுக்கு. ஐயவி சிதறுவது, புண்ணின் குருதி நாடி வரும் பேயை விலக்குவதற்கு. பாடலோ இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே வரிசையில் வைக்கிறது. 296ஆம் பாடலிலும் இதே காட்சி உண்டு. அங்கே ஐயவி புகைப்போரின் கைகளில் நெய் இருக்கிறது. நெய் தடவிய கையே புகையும் போடுகிறது. புண்பட்டோனைப் பேய் தொடாதவாறு மனைவி காக்கும் இச்செயலுக்குத் தொல்காப்பியம் தொடாக்காஞ்சி என்று பெயரிட்டு, காஞ்சித்திணையின் துறையாகவே வகுத்துள்ளது.

ஆனால் அக்காலத்தார் புகையை நம்பிப் புண்ணைக் கைவிட்டவர் அல்லர். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர், நெடிய வெள்ளூசியால் தைக்கப்பட்ட புண்ணின் வடுவைக் காட்டுகிறார். மீனைப் பற்றக் குளத்தில் மூழ்கி எழும் சிச்சிலிப் பறவையை அவ்வூசிக்கு உவமை சொல்கிறார். குருதியில் மூழ்கி எழுந்த ஊசியை அருகிருந்து கண்டவர்க்கே தோன்றும் உவமை அது. தைக்க வேண்டிய புண்ணைத் தைத்தார்கள், பூச வேண்டியதைப் பூசினார்கள், அச்சத்துக்குப் புகை போட்டார்கள்.

வேலன் தடவிய நெற்றி

அகப்பாடல்களின் வெறியாட்டு இதற்கு நேர்மாறானது. தலைவி மெலிகிறாள், வளை கழல்கிறது. காரணம் காதல். தாய் அதை அறியாள். கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறாள். முருகன் அணங்கினான் என்ற விடை வந்ததும் வேலன் அழைக்கப்படுகிறான். குறுந்தொகை 362ஆம் பாடலில் ஆட்டு மறியைக் கொன்று தலைவியின் நெற்றியைத் தடவி முருகனை வணங்கும் சடங்கு பேசப்படுகிறது. இங்கும் உடலைத் தொடும் கை இருக்கிறது. ஆனால் அந்தக் கை நோயைத் தேடவில்லை. தோழி வேலனிடம் கேட்கும் கேள்வி கூரியது. இவளை வருத்திய தலைவனின் மார்பும் இப்பலியை உண்ணுமோ என்கிறாள். நற்றிணை 34இல் தோழி முருகனையே நோக்கி, உண்மை அறிந்திருந்தும் வேலன் அழைக்க வந்தாயே, கடவுளே ஆயினும் நீ அறியாமை உடையவன் என்று இடித்துரைக்கிறாள்.

இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். சங்கப் புலவர் சடங்கை ஏளனம் செய்தாரல்லர். ஐயவிப் புகையை அவர்கள் பரிவோடு பாடினார்கள். அவர்கள் நகைத்தது, நோய் இன்னதென்று அறியாமலே நடத்தப்பட்ட சடங்கைத்தான். புண்பட்டவன் வீட்டில் புண் கண்ணுக்குத் தெரிகிறது, அதன் மேல் சடங்கு வருகிறது. தலைவி வீட்டில் சடங்கு முன்னே வந்து நோயை மறைத்து நிற்கிறது. நற்றிணை 136ஆம் பாடல் சுட்டும் மருத்துவன் நோயாளி விரும்பியதைக் கொடாமல் மருந்தை ஆராய்ந்து கொடுத்தவன். அறவோன் என்னும் சொல்லை அப்பாடல் அவனுக்கே வழங்குகிறது.

மருந்து என்னும் சொல்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை புகார் நகரின் ஐவகை மன்றங்களைச் சொல்கிறது. இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் மூழ்கினால் கூனும் குறளும் ஊமும் செவிடும் தொழுநோயும் நீங்கும். நெடுங்கல் நின்ற மன்றத்தைச் சுற்றிவந்து தொழுதால் நால்வர் துயர் தீரும். வஞ்சனையால் ஏதோ ஊட்டப்பட்டுப் பித்தேறியோர், நஞ்சுண்டோர், பாம்பு தீண்டப்பெற்றோர், பேயால் பற்றப்பட்டோர் என்போர் அவர்கள். நஞ்சும் பாம்பும் பேயும் ஒரே கல்லின் முன் நிற்கின்றன.

அம்முதல் வகையினர் இன்றும் நம்மிடையே உண்டு. "அவனுக்கு மருந்து வச்சுட்டாங்க" என்று ஊரில் சொல்வதைக் கேளாதவர் யார்? தமிழில் மருந்து என்பது நோய் தீர்ப்பதற்கும் பெயர், செய்வினையாக உணவில் கலந்து கொடுப்பதற்கும் பெயர். இந்த இடுமருந்தை எடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தனர். வயிற்றைத் தடவிப் பிசைந்து, குழலாலோ வாயாலோ உறிஞ்சி, ஏதோ ஓர் உருண்டையைத் துப்பிக் காட்டுவர். உடலைத் தொடும் மருத்துவமும் சூனிய நம்பிக்கையும் பிரிக்கவியலாதபடி ஒன்றான இடம் இது. துன்புற்றவனுக்குத் தன் துயரைக் கண்ணால் கண்ட ஆறுதல் கிடைக்கிறது. அதற்கு அவன் கொடுக்கும் விலை இரண்டு. வயிற்றுவலியின் மெய்க்காரணம் உள்ளேயே தங்கிவிடுகிறது. மருந்து வைத்தவர் என்று உறவில் ஒருவர் மீது பழி விழுகிறது. பெரும்பாலும் அது மருமகளாகவோ கைம்பெண்ணாகவோ இருப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

கல்வெட்டும் சுவடியும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கோயிலைச் சார்ந்து இயங்கிய ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை எனும் அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் எனப் பணியாளர் பட்டியல் நீள்கிறது. தசமூல ஹரிதகி, மண்டூர வடகம் முதலாய மருந்துகளின் பெயர்களும் உண்டு. மந்திரவாதி என ஒருவர் அப்பட்டியலில் இல்லை. கோயிலின் நிழலில் நடந்த மருத்துவச்சாலையே ஊதியம் பெறும் பணியாக மந்திரத்தை வைத்துக்கொள்ளவில்லை என்பது எண்ணத்தக்கது.

சித்த மருத்துவச் சுவடிகள் வேறொரு சித்திரம் தருகின்றன. மணி, மந்திரம், ஔடதம் என மூன்றையும் ஒருங்கே சொல்லும் மரபு அது. புலிப்பாணி பெயரில் வைத்தியம், சோதிடம், சாலம் ஆகிய மூன்று துறைகளிலும் நூல்கள் வழங்குகின்றன. வசியம் முதல் மாரணம் வரையிலான அட்டகருமங்களும் சித்தர் பெயரிலேயே பேசப்படுகின்றன. நோய் தீர்ப்பவன் பெயரிலேயே கொல்லும் வித்தையும் நிற்கிறது. ஆனால் அதே மரபு புறமருந்துகளை 32 என வகுக்கும்போது கட்டு, பற்று, ஒற்றடம், வேது, தொக்கணம், சுட்டிகை, அட்டை விடல், அறுவை, கொம்பு கட்டல் என்றே எண்ணுகிறது. அவ்வரிசையில் மந்திரம் இல்லை. தொக்கணம் என்பது உடல் பிடித்துவிடும் கலை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அதற்கு ஒன்பது வகை கூறுவர். கைக்கு இத்தனை நுணுக்கமான இலக்கணம் எழுதியவர்கள், எது கையின் வேலை, எது வாயின் வேலை என்று அறியாதவர்களாக இருக்க முடியாது.

பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், தாம்பரத்தில் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் தோன்றின. ஔடதம் கல்லூரிக்குள் சென்றது. மந்திரம் வெளியே நின்றது. கல்லூரிக்கு வெளியிலோ இரண்டும் பழையபடியே சேர்ந்து வாழ்ந்தன. அக்கி கண்டவருக்குக் குயவர் காவிமண்ணைக் குழைத்து, கோழியிறகால் கொப்புளங்கள் மேல் உருவம் எழுதுவது இதற்கு நல்ல சான்று. மண்ணின் குளிர்ச்சி எரிச்சலைத் தணிக்கும், எழுதிய உருவம் அச்சத்தைத் தணிக்கும். எனினும் அக்கி ஒரு நச்சுயிரி நோய். அதற்கான மாத்திரையை முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்குவதே சிறந்தது. கண்ணருகே வந்தால் பார்வைக்கே கேடு. காவி எழுதிய கையோடு மருத்துவரிடம் செல்பவருக்கு இழப்பேதுமில்லை. காவியோடு நின்றுவிடுபவருக்கே இழப்பு.

நேரம் பறிபோகும் இடம்

இழப்பு எவ்வளவு கொடியது என்பதை நம் தெருவிலேயே கண்டோம். வயலில் நீர் பாய்ச்சச் சென்ற ஒருவரை இரவில் பாம்பு தீண்டிற்று. அடுத்த ஊர் மந்திரவாதியிடம் கொண்டு சென்றனர். கடிவாயின் மேல் இறுகக் கட்டி, வேப்பிலையால் தடவித் தடவி மந்திரித்தார் அவர். இரண்டு மணி நேரத்துக்குப் பின் இமை தாழ்ந்தது, பேச்சுக் குழறிற்று. மருத்துவமனைக்கு வண்டி பூட்டியபோது பொழுது கடந்துவிட்டது.

அம்மந்திரவாதி ஏமாற்றுக்காரர் அல்லர். தம் மந்திரத்தை அவர் மெய்யாகவே நம்பினார். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. நம் நாட்டில் கடிக்கும் பாம்புகளுள் பல நஞ்சில்லாதவை. நஞ்சுள்ளவையும் சிலபோது நஞ்சைச் செலுத்தாமல் கடிப்பதுண்டு. அப்படிப் பிழைத்தோர் அனைவரும் மந்திரத்தின் கணக்கில் சேர்ந்தனர். நல்ல பாம்போ கட்டுவிரியனோ கண்ணாடிவிரியனோ சுருட்டைவிரியனோ மெய்யாகத் தீண்டிய நாளில்தான் கணக்கு பொய்த்தது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஒவ்வோர் ஆண்டும் சுமார் 58,000 உயிர்கள்.

தொடும் கை கட்டும் கையாக மாறிய கதை இன்னும் துயரமானது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில், மனநலம் குன்றியோரைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த தனியார் காப்பகமொன்று தீப்பற்றி, 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். தர்காவின் அருளால் குணம் பெற வேண்டும் என்று உறவினர் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். அவர்களைக் கொன்றது வழிபாடு அன்று. மருத்துவமும் இன்றி, அருகிருந்து பேணும் கையும் இன்றி, சங்கிலி மட்டுமே எஞ்சியதுதான். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் எவ்வகையிலும் கூடாதெனத் தடுக்கிறது. 2013இல் மகாராட்டிரத்தில் இயற்றப்பட்ட சட்டமோ, நாய், பாம்பு, தேள் கடித்தவரை மருத்துவத்துக்குச் செல்லவிடாமல் தடுத்து மந்திரிப்பதைக் குற்றமாக்கியது. முணுமுணுப்பதை அது குற்றமென்று கூறவில்லை, தடுப்பதைத்தான் கூறிற்று. அரிசில்கிழாரும் இதற்கு உடன்பட்டிருப்பார் என்றே கருதுகிறோம்.

அப்பத்தாவிடம் திரும்புவோம். பாம்பு தீண்டியவர் இறந்த செய்தி கேட்டு அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "கடிச்சது எதுன்னு பாக்காமயே மந்திரிச்சுக்கிட்டு இருந்துட்டானே, பாவி."

மறு ஆண்டு நம் தம்பி புளியமரத்திலிருந்து விழுந்து, முழங்கை வீங்க அழுதுகொண்டு வந்தான். அம்மா அவனைத் திண்ணைக்கே தூக்கிச் சென்றார். அப்பத்தா எண்ணெய் தொட்டார். வழக்கம்போல் உதடுகள் அசைந்தன. பெருவிரல் முழங்கைக்கு மேலே ஓரிடத்தில் நின்றது. முணுமுணுப்பும் அங்கேயே நின்றுவிட்டது. கையை எடுத்துக்கொண்டு, "இது சுளுக்கில்ல தாயி, எலும்பு விட்டிருக்கு. நான் தொடக்கூடாது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார். இரண்டு மட்டைகளை வைத்துத் துணியால் அசையாமல் கட்டிவிட்டார். பின்னர் அவன் நெற்றியில் திருநீறு பூசினார். பேருந்து நிறுத்தம் வரும்வரை தம்பி அழவில்லை.