ஸ்கூபா ரெகுலேட்டர் சர்வீஸ்

ஸ்கூபா ரெகுலேட்டர் என்பது சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றை, நீருக்கடியில் இருப்பவர் இழுக்கும்போது மட்டும், அவரைச் சூழ்ந்த நீரின் அழுத்தத்துக்கு இறக்கித் தரும் கருவி. வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. சிலிண்டர் வாயில் பூட்டப்படும் முதல் நிலை, காற்றைச் சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 8 முதல் 10 பார் கூடுதலான அளவுக்குக் குறைக்கிறது; இதுவே இடையழுத்தம். வாயில் கவ்வும் இரண்டாம் நிலை மீதியைக் குறைக்கிறது. இக்கருவியைப் பிரித்து, சுத்தம் செய்து, ஓ-ரிங்குகளையும் வால்வு சீட்டுகளையும் மாற்றி, அழுத்தத்தைச் சரிபார்த்துப் பூட்டுவது சர்வீஸ் எனப்படும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்குக் கடற்கரை கிடையாது. ஆயினும் இதே வால்வின் உறவுக்கருவி தீயணைப்பு நிலையங்களில் பயன்படுவதாலும், இம்மாவட்டங்களின் நீரின் தன்மை இக்கருவியின் ஆயுளோடு தொடர்புடையது என்பதாலும், இக்கட்டுரை அவ்விரு மாவட்டங்களையும் கருத்தில் கொள்கிறது.

தோற்றம்

இழுத்தால் மட்டும் காற்றுத் தரும் வால்வுக்கு 1838இல் பிரான்சில் கியோமே என்பவர் காப்புரிமை பெற்றார். அது பரவவில்லை. நிலைத்த வடிவம் கடலிலிருந்து வரவில்லை, நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தது. தென் பிரான்சின் அவேரோன் பகுதிச் சுரங்கங்களில் பொறியாளராக இருந்த பெனுவா ரூகைரோல், நச்சுக்காற்று நிரம்பிய சுரங்கத்துக்குள் மீட்புக்குச் செல்வோருக்காக 1860இல் ஒரு ரெகுலேட்டருக்குக் காப்புரிமை பெற்றார். கடற்படை அதிகாரி ஒகுஸ்த் தெனேரூஸ் அதை 1864இல் முக்குளிப்போருக்கு ஏற்றபடி மாற்ற உதவினார். முதுகில் ஓர் இரும்புத் தொட்டி, அதன்மேல் ரப்பர் சவ்வு பொருத்திய சிறு அறை. நீருக்குள் இருப்பவர் மூச்சை இழுத்ததும் அறையின் அழுத்தம் குறையும். வெளியழுத்தம் சவ்வை உள்ளே தள்ளும். சவ்வோடு இணைந்த ஊசி வால்வைத் திறக்கும். இழுப்பது நின்றதும் வால்வு தானே மூடிக்கொள்ளும். அக்காலத் தொட்டிகளால் அதிக அழுத்தம் தாங்க முடியாததால், பெரும்பாலும் மேலே படகிலிருந்த பம்பின் குழாயோடு சேர்த்தே இது பயன்பட்டது. 1870இல் நூலாக வெளிவந்த ழூல் வெர்னின் ஆழ்கடல் நாவலில் இக்கருவி பெயர் சொல்லியே இடம்பெறுகிறது.

மூச்சிழுப்பில் அசையும் சவ்வு வால்வைத் திறக்கும் என்ற இந்த அடிப்படை இன்றைய ரெகுலேட்டரிலும் மாறாமல் இருக்கிறது.

எண்பதாண்டு கழித்து, இரண்டாம் உலகப்போரில் பிரான்சில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, எரிவாயுவில் கார்களை ஓட்ட ஏர் லிக்கிட் நிறுவனப் பொறியாளர் எமில் காஞ்ஞான் ஒரு ரெகுலேட்டர் செய்திருந்தார். அதைக் கடற்படை அதிகாரி ழாக்-ஈவ் கூஸ்தோவுடன் சேர்ந்து 1943 ஜனவரியில் மார்ன் ஆற்றில் சோதித்தார். படுத்த நிலையில் நீந்தியபோது சீராக வந்த காற்று, நிமிர்ந்து நின்றதும் வீணாகக் குமிழியிட்டு ஓடியது. தலைகீழானபோது இழுக்கவே முடியவில்லை. வெளிமூச்சுத் துளையும் உள்மூச்சுச் சவ்வும் வெவ்வேறு ஆழத்தில் இருந்ததே காரணம். வெளித்துளையைச் சவ்வுக்கு அருகிலேயே கொண்டுவந்ததும் குறை தீர்ந்தது. வெளிமூச்சுக்கான மெல்லிய ரப்பர் இதழ் இன்றும் சவ்வை ஒட்டியே இருக்கிறது; அதில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் மூச்சோடு தண்ணீர் வரும்.

1952இல் மெல்போர்னைச் சேர்ந்த டெட் எல்ட்ரெட் இரு நிலைகளையும் பிரித்து, ஒரே குழாயால் இணைத்தார். இன்றைய ரெகுலேட்டர்களின் அமைப்பு அதுவே.

தமிழகக் கடலில்

மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்தோர் பல நூற்றாண்டுகளாக மூச்சடக்கியே மூழ்கினர். 1961இல் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தைச் சேர்ந்த மகாதேவன், நாகப்பன் நாயர் ஆகியோர் 1960களில் ஸ்கூபா கருவியோடு முத்துப்பார்களில் இறங்கி, பாறைகளையும் உயிர்களையும் நேரில் கண்டு பதிவு செய்தனர். பின்னர் தேசியக் கடலியல் நிறுவனத்தின் தொல்லியல் முக்குளிப்போர் பூம்புகார்க் கடலில் தொல்லெச்சங்களைத் தேடினர். 1990களின் தொடக்கத்தில் 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவக் கட்டமைப்பு ஒன்றைப் பதிவு செய்தனர். காவிரியும் அரியலூரின் தெற்கெல்லையான கொள்ளிடமும் வண்டலைக் கொண்டு சேர்க்கும் கடல் அது. அங்கே நீர் கலங்கல். நுண்மணல் இரண்டாம் நிலைக்குள் எளிதில் புகும். பவளத் திட்டு ஓரத்தில் முக்குளிக்கும் கருவிக்கும் இங்கே இறங்கும் கருவிக்கும் ஒரே சர்வீஸ் கணக்கு பொருந்தாது.

கால இடைவெளி

“ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 100 முக்குளிப்பு, எது முந்துகிறதோ அது” என்பதே நெடுங்காலம் புழங்கிய கணக்கு. இப்போது தயாரிப்பாளர்கள் பலர் இதைத் தளர்த்தியுள்ளனர். அட்டாமிக் அக்வாட்டிக்ஸ் தன் ரெகுலேட்டர்கள் பலவற்றுக்கு இரண்டு ஆண்டு அல்லது 300 முக்குளிப்பு என்கிறது. ஆண்டுதோறும் பரிசோதனை, ஒன்றுவிட்ட ஆண்டில் முழு சர்வீஸ் என்று பிரித்துச் சொல்வோரும் உண்டு. உத்தரவாத நிபந்தனையாகச் சர்வீஸ் பதிவைக் கேட்கும் நிறுவனங்களின் கருவியை வைத்திருப்போர் அந்தக் கையேட்டின் கணக்கையே பின்பற்ற வேண்டும்.

அடிக்கடி பிரித்தால் பாதுகாப்பு கூடும் என்ற நம்பிக்கை பரவலானது, ஆனால் தவறானது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடலோர விமானப்படையின் பழுதுகளை ஆராய்ந்த வாடிங்டன், 50 மணிநேரப் பறப்புக்கு ஒருமுறை செய்யும் பராமரிப்பு முடிந்த உடனேயே பழுதுகள் உயர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைந்ததைக் கண்டார். நன்றாக ஓடியதைக் கலைத்ததே காரணம். விமானப் பாகங்கள் குறித்து நௌலனும் ஹீப்பும் 1978இல் அளித்த அறிக்கையில், வயது ஏற ஏறப் பழுது கூடும் பாகங்கள் ஏறத்தாழ 11 விழுக்காடே. ரெகுலேட்டரின் ரப்பரும் சீட்டும் வயதால் தேய்பவை என்பதால் சர்வீஸே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. ஆண்டுதோறும் அளந்து பார்ப்பது, அளவு பிசகினாலோ கையேட்டின் உச்சவரம்பு வந்தாலோ பிரிப்பது என்பதே சரியான முறை.

அளப்பது கடினமன்று. முதல் நிலையிலிருந்து வரும் குழாயில் இடையழுத்த மானியைப் பூட்டி, சிலிண்டரைத் திறந்து, இரண்டாம் நிலையின் பொத்தானைச் சிலமுறை அழுத்தி விட வேண்டும். முள் சற்றே இறங்கி, உடனே பழைய இடத்துக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்தும் முள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் உயரழுத்த சீட்டு தேய்ந்துவிட்டது. கருவியைச் சிலிண்டரில் பூட்டாமல், முதல் நிலையின் திறப்பை அடைக்கும் தூசிமூடியை இறுக்கி, வாயில் வைத்து இழுத்துப் பார்ப்பது இன்னொரு சோதனை. காற்று உள்ளே வந்தால் சவ்விலோ வெளிமூச்சு இதழிலோ பழுது. முதல் நிலையின் வடிகட்டியின் நிறமும் பேசும்: பச்சை என்றால் தண்ணீர் புகுந்து பித்தளை களிம்பேறியிருக்கிறது, செம்பழுப்பு என்றால் எஃகுச் சிலிண்டரின் துரு, கறுப்பு என்றால் கம்ப்ரசரின் எண்ணெய்க் கரி. இவற்றில் எது தெரிந்தாலும் நாட்காட்டியைப் பார்க்காமல் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் புதுச்சேரிக்கோ தூத்துக்குடிக்கோ சென்று முக்குளிக்கும் உள்நாட்டவரின் கருவி, உழைப்பால் கெடுவதைவிடச் சும்மா கிடப்பதால் அதிகம் கெடுகிறது. இரண்டாம் நிலையின் ஸ்பிரிங் மாதக்கணக்கில் சீட்டை அழுத்தி அதில் வட்டப் பள்ளம் பதிக்கும். காற்று கசியத் தொடங்கும். ஆகவே இவர்கள் முக்குளிப்பின் எண்ணிக்கையை நம்பாமல், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே மேற்கண்ட சோதனைகளைச் செய்வது நல்லது. நாள்தோறும் வாடகைக்குப் போகும் கருவிக்கு எண்ணிக்கைதான் கணக்கு. அது ஒரே பருவத்தில் 100ஐத் தாண்டிவிடும்.

கழுவும் நீர்

சர்வீஸின் இடைவெளியைத் தீர்மானிப்பதில் கழுவுதலுக்குப் பெரும் பங்குண்டு. கடலிலிருந்து ஏறியதும், உப்பு காய்ந்து படிகமாகும் முன், தூசிமூடியை இறுக்கி நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அழுத்தம் இல்லாத நிலையில் பொத்தானை அழுத்தினால் வால்வு திறந்து தண்ணீர் குழாய் வழியே முதல் நிலைவரை ஏறிவிடும்.

அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. கிரெட்டேசியஸ் காலத்தில் இப்பகுதியின் பெரும்பகுதி கடலாக இருந்தது. காரையில் கிடைக்கும் அம்மோனைட்டுகளும் சிமென்ட் ஆலைகள் வெட்டும் சுண்ணாம்புக்கல்லும் அக்கடல் விட்டுச்சென்றவை. சுண்ணாம்புப் பாறையில் ஊறிவரும் போர்வெல் தண்ணீர் கடினநீர். வாட்டர் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாக ஏறும் அதே படிவு, ரெகுலேட்டரின் பிஸ்டனிலும் நெம்புகோலிலும் படிந்து அசைவைத் தடுக்கும். கடைசி அலசலை மழைநீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ செய்து, நிழலில் உலர்த்த வேண்டும். ஓ-ரிங்குக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ வண்டி கிரீஸோ தடவக் கூடாது. சாதாரணக் காற்றுக்குச் சிலிக்கான் கிரீஸ் போதும். ஆக்சிஜன் செறிவு கூடிய கலவைக்கு அதுவும் ஆகாது, அதற்கென உள்ள கிரீஸ் வேண்டும்.

மீட்புப் பணியில்

நச்சுவாயு தேங்கிய கிணறுகளிலும் புகைமூட்டத்திலும் இறங்கும் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினர் முதுகில் சுமக்கும் மூச்சுக் கருவி, ரூகைரோலின் சுரங்க ரெகுலேட்டரின் நேர் வாரிசு. முகமூடிக்குள் எப்போதும் சற்றுக் கூடுதல் அழுத்தம் இருக்கும்படி அமைந்திருப்பதால் வெளிப்புகை உள்ளே புகாது. ஆனால் நீருக்கடியில் பயன்படுத்த இது செய்யப்பட்டதன்று. இவ்வகைக் கருவிக்கு அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் தரவிதிகள் ஆண்டுதோறும் காற்றோட்டச் சோதனை கோருகின்றன. மீட்புக் கருவிக்கு ஆண்டுக் கணக்கைத் தளர்த்த இடமில்லை: எந்த நாளில் தேவைப்படும் என்று தெரியாத கருவி அது.

இன்றைய நிலை

தமிழகத்தில் ரெகுலேட்டர் சர்வீஸ் கடலோர நகரங்களின் டைவிங் மையங்களைச் சார்ந்தே நடக்கிறது. உதிரிபாகக் கிட்டுகள் பெரும்பாலும் இறக்குமதியாகின்றன.