இரும்புக்கை மாயாவி: ஒரு சித்திரக்கதை வீரனின் மறுவாழ்வு

1. தோற்றுவாய்

இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில் அமைந்த சோளிங்கரை வைணவ இலக்கியம் திருக்கடிகை எனப் போற்றும். ஆங்குப் பெரிய மலைமீது யோக நரசிம்மரும், சிறிய மலைமீது யோக ஆஞ்சநேயரும் எழுந்தருளியுள்ளனர். சிறிய மலையின் திருவுருவம் காப்பியம் பயின்றவர்க்கு வியப்புத் தருவது. இராமகாதையில் அனுமன் மரத்தைப் பிடுங்குகிறான், மலையைப் பெயர்க்கிறான், கையாலும் காலாலும் வாலாலும் பொருகிறான். சோளிங்கர் ஆஞ்சநேயரோ நான்கு திருக்கைகளுடன், சங்கும் ஆழியும் ஏந்தி, யோக நிலையில் அமர்ந்துள்ளார். முனிவர்க்கு இடர் செய்த அசுரரை அடக்குதற்பொருட்டு அவை அவருக்கு அருளப்பட்டன என்பது தல வரலாறு.

இதன்கண் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. காப்பியம் முடிந்த பின்னரும் வீரன் வாழ்வு முடியவில்லை. பின்வந்த அன்பர் உள்ளத்தில் அவன் புதிய இடம் பெற்றான். புதிய படைக்கலம் பெற்றான். புதிய செயலும் பெற்றான். ஆயின் அவன் இயல்பு மாறவில்லை. தன்னலம் கருதாது, ஏற்ற பணியை முடித்து, எளியோரைக் காத்தல் என்னும் அவ்வியல்பு இலங்கையில் இருந்தவாறே கடிகை மலையிலும் நிற்கின்றது.

வழிபாடு வேறு, வாசிப்பு வேறு. இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் நம் கருத்தன்று. எனினும் பழைய வீரனைப் பின்வந்தோர் எவ்வாறு புதுப்பிக்கின்றனர் என்னும் வினா இரண்டிற்கும் பொதுவானது. அவ்வினாவைத் தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டாக வாழ்ந்துவரும் சித்திரக்கதை வீரன் ஒருவனை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவன் இரும்புக்கை மாயாவி.

2. வீரனின் பிறப்பு

மாயாவி தமிழ்நாட்டில் பிறந்தவன் அல்லன். இலண்டனில் ஃபிளீட்வே நிறுவனம் வெளியிட்ட ‘வேலியண்ட்’ என்னும் சிறுவர் வார இதழில் 1962ஆம் ஆண்டு அவன் கதை தொடங்கியது. கதையை முதலில் எழுதியவர் கென்னத் பல்மர்; பின்னர்த் தொடர்ந்தவர் டாம் டல்லி. ஓவியம் தீட்டியவர் இசுபெயின் நாட்டவரான கெசூசு பிளாசுகோ. கருப்பு வெள்ளைக் கோடுகளாலும் நிழல்களாலும் அவர் அமைத்த காட்சிகள் இன்றும் ஓவியர் பலரால் போற்றப்படுகின்றன.

கதையின் அடிப்படை எளியது. லூயிஸ் கிராண்டேல் என்பவன் அறிவியலறிஞர் ஒருவரின் ஆய்வகத்தில் உதவியாளன். வலக்கையை இழந்தமையால் இரும்பாலான செயற்கைக் கை பொருத்தப் பெற்றவன். விபத்து ஒன்றில் மின்சாரம் அவன் உடலிற் பாய, உடல் முழுதும் கண்ணுக்குப் புலனாகாது மறைகின்றது. இரும்புக்கை மட்டும் மறையாது நிற்கின்றது. மின்சாரத்தின் ஆற்றல் தேய்ந்ததும் உருவம் மீள்கின்றது.

இவ்வமைப்பில் இரு நுட்பங்கள் உள. முதலாவது, ஆற்றலுக்கு ஒரு விலை உண்டு என்பது. ஒவ்வொரு முறையும் மின் அதிர்ச்சியைத் தாங்கினாலன்றி அவன் மறைதல் இயலாது. இரண்டாவது, மறைவு என்றும் முழுமையானதன்று என்பது. எந்தக் குறை அவனுக்கு நேர்ந்ததோ அக்குறையின் அடையாளமே அவனைக் காட்டிக் கொடுக்கும். தொடக்கக் கதையில் அவன் தன் ஆற்றலைத் தீய வழியில் செலுத்துகிறான். பின்னரே திருந்தி, நிழற்படை என்னும் மறைவமைப்பின் ஒற்றனாகின்றான். குற்றத்திலிருந்து கடமைக்கு வந்தவன் அவன். அவனது இயல்பு என நாம் கொள்ளத்தக்கவை இவையே.

3. பெயர் வரலாறு

ஆங்கிலத்தில் இக்கதைத் தொடருக்கு ‘எஃகு நகம்’ என்னும் பொருள்படும் பெயரே வழங்கியது. கையைக் குறித்த பெயர் அது, மனிதனைக் குறித்ததன்று. தமிழில் அவ்விடத்து ‘இரும்புக்கை மாயாவி’ எனப் பெயரிட்டனர். இது மொழிபெயர்ப்பு அன்று, புதிய பெயரீடு.

மாயாவி என்னும் சொல் இராமகாதை பயின்றார்க்குப் புதிதன்று. வாலியோடு பொருது, தோற்றோடிப் பிலத்துள் மறைந்த அசுரன் பெயர் அது. மாயம் வல்லவன், வஞ்சகன் என்னும் பொருளே அச்சொல்லுக்கு உரியது. அத்தகைய சொல் சித்திரக்கதைத் தமிழில் நல்லவனைக் குறிக்கும் பெயராயிற்று. அமெரிக்கரான லீ ஃபாக் 1936இல் படைத்த ‘ஃபாண்டம்’ என்னும் முகமூடி வீரனும் தமிழில் வேதாள மாயாவி, மாயாவி என்றே வழங்கலாயினன். எனவே இருவரையும் வேறுபடுத்த ‘இரும்புக்கை’ என்னும் அடை இன்றியமையாததாயிற்று.

அசுரன் பெயர் காவலன் பெயரான இம்மாற்றம் கிராண்டேலுக்கு மிகவும் பொருந்தியது. அவனும் தீயவனாகத் தொடங்கி நல்லவனாக மாறியவன் அல்லனோ? ஆங்கிலப் பெயர் கூறாத ஒன்றைத் தமிழ்ப் பெயர் கூறிவிட்டது. வீரனைப் புதுப்பிக்கும் முதற்செயல் பெயரிடுதலிலேயே தொடங்கியது எனலாம்.

4. சிவகாசி வாழ்வு

1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸ் என்னும் வெளியீட்டைத் தொடங்கினார். அதன் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’ ஆகும். ‘பாம்புத் தீவு’, ‘நாச அலைகள்’, ‘உறைபனி மர்மம்’ முதலிய கதைகள் பின்னர் வந்தன. மாயாவி, ஜானி நீரோ, லாரன்சு-டேவிட் ஆகியோரை வாசகர் ‘மும்மூர்த்திகள்’ என்று வழங்கினர். அயல்நாட்டு ஒற்றர்களுக்கு இப்பெயர் சூட்டியது வாசகரின் விளையாட்டே ஆயினும், அவர்களைத் தம்மவராக ஏற்றுக்கொண்டமைக்கு அது சான்று.

ஈண்டுக் கால ஒற்றுமை ஒன்று நோக்கத்தக்கது. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மாயாவியின் புதிய கதைகள் ஓய்ந்தன. வேலியண்ட் இதழும் 1976இல் ‘பேட்டில்’ என்னும் மற்றோர் இதழுடன் இணைக்கப்பட்டுத் தன் பெயரை இழந்தது. பிறந்த நாட்டில் வீரன் மறையத் தொடங்கிய அக்காலத்திலேயே தமிழில் அவன் வாழ்வு தொடங்கியது. ஆங்கிலச் சிறுவர் வளர்ந்து அவனை மறந்தனர். தமிழ்ச் சிறுவர் வளர்ந்தும் மறந்திலர்.

1984இல் சௌந்தரபாண்டியனாரின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ஸ்பைடர், எந்திர மனிதன் ஆர்ச்சி ஆகிய ஆங்கில வீரர்களும், டெக்ஸ் வில்லர் என்னும் இத்தாலிய வீரனும் அதன் வழியே தமிழ்ப் பரப்பில் ஊன்றினர். ஸ்பைடர் கதைகளுள் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பதும் அறியத்தக்கது.

5. மறைவும் மீட்சியும்

தொலைக்காட்சி பெருகிய பின்னர்ச் சித்திரக்கதை வாசிப்புக் குன்றியது. இரண்டாயிரத்தின் முதற்பத்தாண்டில் சிவகாசி இதழ்கள் ஒழுங்காக வெளிவருதல் அரிதாயிற்று. இக்காலத்தில் மாயாவியைக் காத்தவர் பதிப்பாளர் அல்லர், வாசகரே. அவர்கள் பழைய புத்தகக் கடைகளில் இதழ்களைத் தேடினர். வெளிவந்த கதைகளுக்கு எண் வாரியாகப் பட்டியல் வகுத்தனர். அட்டைப் படங்களைப் படியெடுத்தனர். இணையத்தில் வலைப்பூக்கள் அமைத்து, எத்தமிழ்க் கதை எவ்வாங்கிலக் கதையின் பெயர்ப்பு என ஒப்பிட்டு எழுதினர். ஏடு தேடி அலைந்து, பாடம் ஒப்பிட்டு, அட்டவணை வகுக்கும் இப்பணி நமக்கு அயலானதன்று. நம் துறையினர் பழந்தமிழ் நூல்களுக்குச் செய்ததை, கல்வி நிறுவனத்தின் துணையின்றிச் சித்திரக்கதைக்குச் செய்தவர் அவர்.

2012இன் தொடக்கத்தில் ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ என்னும் இதழ் வெளிவந்தது. அதன்பின் ஆண்டுச் சந்தாவை முன்னரே செலுத்தும் வாசகரைக் கொண்டு இதழ்கள் ஒழுங்குபெற்றன. பதிப்பாசிரியர் இணையத்தில் எழுத, வாசகர் விடையிறுப்பர். ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவை ஒட்டி இருசாராரும் நேரிற் கூடுவர். எக்கதையை மறுபதிப்பாக்குவது, எவ்வளவில் அச்சிடுவது, பழைய தமிழ் நடையைக் காப்பதா மாற்றுவதா என்பன அங்கெல்லாம் விவாதிக்கப்பட்டன. மாயாவி கதைகளின் மறுபதிப்பு அவ்விவாதத்தின் பயனே. 2022இல் முத்து காமிக்ஸ் பொன்விழா கண்டது.

ஆயினும் இம்மீட்சியில் ஒரு முரண் உண்டு. மாயாவியின் பெயரால் திறந்த கதவின் வழியே உள்ளே வந்தவர் வேறு வீரர்கள். இன்று தமிழ்ச் சித்திரக்கதையில் பெரிதும் போற்றப்படுபவன் டெக்ஸ் வில்லர். இதன் காரணம் வெளிப்படை. 1948இல் இத்தாலியில் பிறந்த டெக்ஸுக்கு அந்நாட்டில் இன்றும் புதிய கதைகள் எழுதப்படுகின்றன. மாயாவிக்கோ ஊற்று வற்றிவிட்டது. உள்ள கதைகளையே மீண்டும் மீண்டும் அச்சிடுதல் வேண்டும். சிறுவயதில் படித்தவர்க்கு அது நினைவின் இன்பம். இன்றைய சிறுவர்க்கு அவ்வின்பம் எவ்வாறு கிட்டும்?

6. புதுப்பித்தலின் மூவகை

உலக வழக்கை நோக்கின், அன்பர்கள் பழைய சித்திரக்கதை வீரரைப் புதுப்பிக்கும் நெறி மூவகைப்படும்.

முதலாவது மறுபதிப்பு. தமிழ் வாசகர் மேற்கொண்டது இது. இது மூலத்தைக் காக்கும். ஆயின் வாசகர் தொகையைப் பெருக்காது.

இரண்டாவது மறுபடைப்பு. 2005, 2006ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘ஆல்பியன்’ இதற்கு எடுத்துக்காட்டு. ஆலன் மூர் கதையமைக்க, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதினர். பழைய ஆங்கில வீரர்கள் அரசால் சிறைவைக்கப்பட்டு முதுமையுற்றுக் கிடக்க, சித்திரக்கதைகளிற் பற்றுடைய இளைஞன் ஒருவன் உண்மையைத் தேடுவதாக அக்கதை செல்லும். கிராண்டேலும் ஸ்பைடரும் அதில் வருகின்றனர். நூல் நுட்பமானதே. எனினும் அது வீரரைப் பற்றிய கதையாவதினும் வீரரை மறந்த நாட்டைப் பற்றிய கதையாகின்றது. பழைய கதைகளை அறியாதவர் அதனுள் புகுதல் அரிது.

மூன்றாவது தொடர்படைப்பு. இதற்குச் சிறந்த சான்று சுவீடன். அந்நாட்டில் 1950 முதல் ஃபாண்டம் கதைகளுக்கெனத் தனி இதழ் வருகின்றது. அமெரிக்கக் கதைகள் போதாமையால், 1960கள் முதல் உரிமை பெற்றுத் தாமே புதிய கதைகளை ஆக்கத் தொடங்கினர். முகமூடி, மண்டையோட்டு மோதிரம், தலைமுறை தலைமுறையாகத் தந்தைக்குப் பின் மகன் ஏற்கும் சூளுரை ஆகியவை மாறவில்லை. களமும் காலமும் பகைவரும் மட்டும் விரிந்தனர். பிறநாட்டு வீரனைத் தம் வீரனாக வளர்த்த செயல் அது.

சோளிங்கர்த் திருவுருவம் உணர்த்தும் நெறியும் இம்மூன்றாவதனோடு ஒப்பது. இயல்பு நிற்க, களமும் கருவியும் மாறும்போது வீரன் இளமை பெறுகின்றான். இயல்பு மாறின் பெயர் மட்டுமே எஞ்சும். எதுவுமே மாறாவிடின் அவன் நினைவுப் பொருளாகிவிடுவான்.

மாயாவிக்குத் தமிழில் இந்நெறி இயலுமா? தடை ஒன்றுண்டு. கதையின் உரிமை இங்கிலாந்தில் உள்ளது. 2018இல் ரெபெல்லியன் என்னும் நிறுவனம் பழைய ஃபிளீட்வே கதைகளின் தொகுதியை விலைக்கு வாங்கியது. அவ்வுரிமையாளர் இசைவின்றித் தமிழில் புதுக்கதை வெளியிடல் ஆகாது. ஆயின் சுவீடனில் அத்தடை நீங்கியது எனின், ஈண்டும் நீங்குதல் கூடாததன்று.

அவ்வாறு எழுதப் புகுவார் அயல்நாட்டு நகரங்களைத் தேட வேண்டியதில்லை. சோளிங்கரை அடுத்த தோல் தொழிற்பகுதியையே நோக்கலாம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையைக் கெடுத்தமை பற்றி வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. எந்திரத்தால் கை இழந்தவன், கண்ணிற்படாது ஆலைக்குள் புகுவோன், இரும்புக்கை ஒன்றால் மட்டும் அறியப்படுவோன் அங்கு ஆற்றும் கடமை யாதாயிருக்கும்? இவ்வினா மாயாவியின் இயல்புக்கு மாறானதன்று, அவ்வியல்பினின்றே பிறப்பது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மாயாவியைத் தமிழில் வாழவைத்தவர் வாசகரே என்பதும், பெயரீட்டால் அவன் தமிழ் மரபோடு இயைந்தான் என்பதும், மறுபதிப்பு மட்டும் அவனை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு செல்லாது என்பதும் பெறப்படும்.

இவ்விடத்து நம் துறைக்கும் ஒரு கடமை உண்டு. 1972 முதல் வெளிவந்த இதழ்கள் மலிவான தாளில் அச்சிடப்பட்டவை. பெரும்பாலும் தனியார் பெட்டிகளிலேயே உள்ளவை. சேகரித்தவர் முதுமையுற்றால் அவை எடைக்குச் செல்லும். கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டிய நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளுமே, 1994இல் சென்னை வந்து, இன்று ஆராய்ச்சியாளர் அனைவர்க்கும் பயன்படும் நூலகமாயின என்பதை நாம் மறத்தலாகாது. ஒருவரது ஆர்வம் பொதுச்செல்வமாதல் காலத்தே நிகழ்ந்தால்தான் உண்டு.

சித்திரக்கதை இலக்கியமா என்னும் வழக்கைப் பின்னர் நடத்தலாம். ஏடுகள் இருந்தால்தான் அவ்வழக்கும் நடக்கும். முதுகலை மாணவர் ஒருவர் தம் ஊரில் உள்ள பழைய இதழ்த் தொகுதி ஒன்றினை எண்ணும் ஆண்டும் குறித்து அட்டவணையிடுவாராயின், மாயாவியின் அடுத்த கதையை எழுதுவோர்க்கு அதுவே முதனூலாகும்.